மீட்க வந்தவளும் தனியள்: ‘என்.எச்.கே.வுக்கு நல்வரவு’ தொடரை முன்வைத்து

அண்மையில் எங்கள் வாசகர் வட்டத்தின் கூடுகையொன்றில் ‘என்.எச்.கே.வுக்கு நல்வரவு’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி நண்பர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் எழுந்த எதிர்வினைகள் மூன்று வகைப்பட்டன. பொம்மைப் படத்துக்கு இலக்கியக் கூட்டத்தில் என்ன வேலை என்றார் ஒருவர். இது ஜப்பானியருக்கே உரிய ஒரு நோயின் கதை, நமக்கு அதில் வியப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தொடரை முழுமையாகப் பார்த்தவர். மனமாரப் பாராட்டவும் செய்தார். தனிமையில் மட்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனை ஒரு பெண்ணின் அன்பு மீட்டெடுக்கும் அழகிய கதை என்று அவர் சொன்னபோது பலரும் தலையசைத்தார்கள். முதலிரண்டு நிராகரிப்புகளை விடவும் இந்தப் பாராட்டே எங்களைத் துணுக்குறச் செய்தது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தப் பாராட்டுக்கு எதிரானது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில தகவல்கள். தட்சுஹிகோ தகிமோதோ எழுதிய நாவல் 2002இல் வெளிவந்தது. கெண்டி ஓயிவாவின் ஓவியங்களோடு 2004 முதல் 2007 வரை மங்காவாகவும் அது தொடர்ந்து வெளியானது. யூசுகே யமமோதோவின் இயக்கத்தில் கோன்ஸோ நிறுவனம் 24 பகுதிகள் கொண்ட அனிமேயாக அதை உருவாக்கியது; 2006 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒளிபரப்பாயிற்று. நாயகன் தட்சுஹிரோ சாதோவுக்கு வயது 22. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் எதிர்ப்படுவோரெல்லாம் தன்னைப் பார்த்து ஏளனம் செய்வதாக ஒருநாள் அவனுக்குத் தோன்றுகிறது. அறைக்குத் திரும்பியவன் பிறகு வெளியுலகுக்கு வரவில்லை. படிப்பு போயிற்று. பெற்றோர் அனுப்பும் பணத்தில் ஏறத்தாழ நான்காண்டுகள் கழிகின்றன. அறையிலுள்ள சாமான்கள் அவனோடு பேசத் தொடங்குகின்றன. தன்னைப் போன்றவர்களை உற்பத்தி செய்யவே ஒரு சதிக்கூட்டம் இயங்குகிறது என்றும், ஜப்பானின் பொது ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யின் பெயருக்கு உண்மையான விரிவு ‘நிஹோன் ஹிகிகோமோரி கியோகாய்’, அதாவது ஜப்பானிய ஒதுங்கியோர் கழகம் என்றும் அவன் நம்புகிறான். அந்த நாட்களில்தான், மதப் பிரசுரங்களோடு வீடுவீடாகச் செல்லும் தன் அத்தையின் பின்னால் குடைபிடித்தபடி அவன் கதவருகே வந்து நிற்கிறாள் மிசாகி நகஹாரா. பிறகு அவள் ஓர் ஒப்பந்தத்தை நீட்டுகிறாள். இரவுதோறும் பூங்காவுக்கு வந்து தன் பாடங்களைக் கேட்டால் அவனை இந்த நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவாளாம்.

முதல் ஆட்சேபத்தை விரைந்து கடந்துவிடலாம். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 1980இல் க்ரியா வெளியிட்ட ‘அந்நியன்’ நாவலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கிய தலைமுறை நம்முடையது. அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்ட மனிதன் நமக்குப் புதியவனல்லன். ஜப்பானிய இலக்கியத்திலும் அவனுக்கு மூதாதையர் உண்டு. ஒஸாமு தஸாய் 1948இல் எழுதிய ‘நிங்கென் ஷிக்காகு’ நாவலின் நாயகன் சாதோவுக்கு நெருங்கிய உறவு. அச்சில் வந்தால் இருத்தலியல், வரைபடமாக அசைந்தால் குழந்தைகளுக்கானது என்னும் பாகுபாடு எந்த அழகியலின்பாற்பட்டது என்று ஆட்சேபித்தவர்தாம் சொல்ல வேண்டும். குளிர்பதனப் பெட்டி சாதோவிடம் பேசும் காட்சியை நடிகர்களைக் கொண்டு எடுத்திருந்தால் தந்திரக் காட்சியாகப் பல்லிளித்திருக்கும். அனிமேயில் பெட்டியும் மனிதனும் ஒரே கோட்டால் வரையப்பட்டவை. ஆதலால் பிரமையும் நனவும் ஒரே தளத்தில் நிற்கின்றன. சாதோ உலகைப் பார்க்கும் விதமே அதுதான்.

இரண்டாம் ஆட்சேபம் சற்று நின்று பதில் சொல்லத் தக்கது. ஹிகிகோமோரி என்னும் சொல் ஜப்பானியச் சொல்தான். உளமருத்துவர் தமாகி சைதோ 1998இல் எழுதிய நூலின் வழியே அது பரவலாகியது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ சமூகத்தில் பங்குகொள்ளாமல் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் நிலையை அது குறித்தது. ஒரு சொல் ஒரு மொழியில் பிறந்ததாலேயே அது குறிக்கும் துயரமும் அந்நாட்டின் குலச்சொத்து ஆகிவிடுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. ஏறத்தாழ 1993 முதல் 2005 வரையிலான காலத்தை அங்கே ‘வேலைவாய்ப்பின் பனியுகம்’ என்று அழைக்கிறார்கள். பட்டம் பெறும் பருவத்தில் ஒட்டுமொத்தமாக ஆளெடுப்பதே அங்குள்ள பெருநிறுவனங்களின் வழக்கம். அந்த ஒரு கதவைத் தவறவிட்டவருக்கு இரண்டாம் கதவு திறப்பது அரிது. சாதோ அந்த யுகத்தின் பிள்ளை. அவனை ‘ஜப்பானிய மனம்’ என்னும் மர்மத்தில் கரைப்பது, காரணங்களைக் காணாதிருக்க நாம் கண்டுபிடித்த சௌகரியம் மட்டுமே.

தொடரின் நடுப்பகுதி முழுவதும் தனித்திருப்பவனைத் தின்று வாழும் தொழில்களின் கண்காட்சி. இணைய விளையாட்டில் ஒரு பூனைப்பெண்ணிடம் சாதோ மனம் பறிகொடுக்கிறான். அவள் வேடத்தில் இருந்தவன் அடுத்த அறை நண்பன் யமஸாகிதான் என்பது பின்னர் தெரிகிறது. பள்ளியில் உடன்படித்த மெகுமி கோபயாஷி நெடுநாள் கழித்து அன்பொழுகப் பேசுகிறாள். அவளுக்கு வேண்டியது சங்கிலித்தொடர் விற்பனையில் இன்னோர் உறுப்பினன். பழைய பள்ளித்தோழரிடமிருந்து எதிர்பாராமல் வந்த தொலைபேசி அழைப்பு, ஐந்தாம் நிமிடத்தில் ‘ஒரு அருமையான வாய்ப்பு’ பற்றிய பேச்சாக மாறிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? இதுவும் ஜப்பானிய நோய்தானா?

இனி மூன்றாவதற்கு வருவோம். அன்பால் மீட்கப்பட்ட தனியன் என்னும் கதை ஜப்பானில் இருக்கிறது, அது இதுவன்று. ‘தென்ஷா ஓதோகோ’, அதாவது ரயில் மனிதன், 2004இல் நூலாக வந்து 2005இல் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. ரயிலில் ஒரு குடிகாரரின் தொல்லையிலிருந்து ஒரு பெண்ணைக் காக்கும் கூச்ச சுபாவி, நன்றியாக அவள் அனுப்பிய ஹெர்மேஸ் தேநீர்க் கோப்பைகளைப் பெற்றுத் திகைத்து, முகமறியா இணையவாசிகளின் ஆலோசனைகளைக் கேட்டு, முடிவெட்டி, உடை மாற்றி, அவளை அடைகிறான். கோடிக்கணக்கானோர் மகிழ்ந்தனர். தனிமை என்பது முடிதிருத்தகமும் துணிக்கடையும் தீர்த்துவைக்கக்கூடிய ஒன்று என்பதே அதன் செய்தி. அடுத்த ஆண்டே வந்த ‘நல்வரவு’ தொடரை, ரயில் மனிதனைப் பார்த்த கண்களாலேயே பலர் பார்த்துவிட்டார்கள் என்பது எங்கள் குற்றச்சாட்டு.

மிசாகியைக் கவனியுங்கள். அவள் ஏன் சாதோவைத் தேர்ந்தாள்? அவன்மீது இரக்கமோ காதலோ கொண்டதால் அன்று. தன்னை இவ்வுலகில் யாருக்கும் வேண்டாத பிறவியென்று கருதும் அவளுக்குத் தன்னைவிடத் தாழ்ந்த ஒருவன் தேவைப்பட்டான். மாடத்திலிருந்து பார்த்தால் தெரியும் பூங்காவில், அடுக்ககத்தில், அப்படியொருவனைக் கண்டுபிடித்தாள். நூலகத்திலிருந்து ஃபிராய்டையும் யுங்கையும் அள்ளிவந்து அவள் நடத்தும் இரவு வகுப்புகள் நகைச்சுவையாகவே காட்டப்படுகின்றன. ஆனால் சாதோ தற்செயலாகக் கையை உயர்த்தும்போது அவள் சட்டென்று தலையைக் காத்துக்கொண்டு ஒடுங்குகிறாள். அடித்து வளர்க்கப்பட்ட உடலின் நினைவு அது. கைகளில் சிகரெட் தழும்புகள் இருக்கின்றன. தாய் கடல்முனையொன்றிலிருந்து விழுந்து இறந்தவள். மாற்றாந்தகப்பனின் கொடுமையில் வளர்ந்தவள். ஆசிரியையின் இடத்தில் அமர்ந்திருக்கும்வரை அவள் நோயாளி இல்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ள முடிகிறது. சாதோ குணமாகாதிருக்கும்வரைதான் அவளுக்கு வேலை. மீட்பு என்னும் உறவின் அடியில் கிடக்கும் இந்தக் கணக்கை இத்தனை வெளிப்படையாகப் பேசிய படைப்புகள் குறைவு.

ஒப்பந்தக் காகிதம் கதையில் மீண்டும் மீண்டும் வருவதும் காரணத்தோடுதான். இரண்டாம் முறை மிசாகி நீட்டும் ஒப்பந்தத்தில் பாடங்கள் இல்லை. தன்னை விரும்ப வேண்டும், ஒருபோதும் விலகக் கூடாது, மீறினால் ஒரு கோடி யென் அபராதம் என்று காதலையே ஷரத்துகளாக எழுதிவருகிறாள். ரயில் மனிதனின் கதையாயிருந்தால் இங்கே இசை பெருகியிருக்கும். சாதோ கையெழுத்திட மறுக்கிறான். அந்த மறுப்பால் மேலிருப்பவள், கீழிருப்பவன் என்னும் ஏணி முறிகிறது. முறியும்போது விழுபவள் மிசாகி. அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறாள். மருத்துவமனையிலிருந்தும் வெளியேறித் தன் தாய் இறந்த அதே கடல்முனைக்குப் போகிறாள். பனி பெய்யும் இரவில் சாதோ அவளைத் தேடிச் செல்கிறான்.

அங்கே அவன் சொல்வது என்ன? அன்பைப் பற்றியோ வாழ்வின் அருமையைப் பற்றியோ ஒரு சொற்பொழிவும் இல்லை. அவளுடைய துன்பங்களுக்கெல்லாம் காரணம் அவளல்லள், என்.எச்.கே.யின் சதியே என்கிறான். பழியனைத்தையும் அந்த இல்லாத எதிரிமேல் ஏற்றி, அதனோடு மோதித் தானே அழிந்துவிடப்போவதாகச் சொல்லி விளிம்பை நோக்கி ஓடுகிறான். கீழே போடப்பட்டிருந்த தடுப்பமைப்பு அவனைக் காக்கிறது. இத்தொடரின் ஆகச் சிறந்த இடம் இதுதான் என்பது எங்கள் துணிபு. தன்னை அறைக்குள் அடைத்த பிரமையை, அது பிரமை என்று அறிந்துகொண்டே, இன்னொருத்திக்குக் கேடயமாக்குகிறான். அவனிடம் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான். பிறகு மிசாகி எழுதும் கடைசி ஒப்பந்தத்தில் என்.எச்.கே. என்பதற்குப் புதிய விரிவு ஒன்று கிடைக்கிறது: ஜப்பானியப் பிணைக்கைதிகள் பரிமாற்றக் கழகம். ஒருவர் உயிருக்கு மற்றவர் உயிர் பிணை. ஒருவர் இறந்தால் மற்றவரும் இறப்பார். இதை அழகிய காதல் என்று சொல்லத் துணிபவர் சொல்லட்டும். எங்களுக்கு இது நீரில் மூழ்கும் இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மிதக்கக் கற்கும் காட்சியாகவே தெரிகிறது. அச்சமூட்டுவதும் ஆறுதல் தருவதும் ஒருங்கே அதில் இருக்கின்றன.

அன்பே மீட்டது என்பவர்கள் வசதியாக மறக்கும் மற்றொருவன் யமஸாகி. சுவருக்கு அப்பால் இரவு பகலாக ஒரே அனிமே பாட்டை அலறவிட்டுச் சாதோவைக் கதவு திறக்கவைத்தவன் அவன். இருவரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்க முனைகிறார்கள். சண்டையிடுகிறார்கள், கெடுவைத் தவறவிடுகிறார்கள், ஒருவரையொருவர் ஏய்க்கிறார்கள். அவ்விளையாட்டு கலையாகவும் தேறவில்லை, சரக்காகவும் தேறவில்லை. தந்தையின் உடல்நலம் குன்றியதும் யமஸாகி கனவைச் சுருட்டிக்கொண்டு ஹொக்கைடோவிலுள்ள குடும்பப் பண்ணைக்குத் திரும்புகிறான். பல மாதங்கள் சாதோவின் நாட்களுக்கு வடிவம் தந்தது இந்த அற்பமான கூட்டுவேலைதான். அவனும் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் நம் விமர்சகர்கள் அவனை மறந்திருக்க மாட்டார்கள்.

அன்பை விட்டால் பசி என்போரும் உண்டு. அவர்களுக்கும் தொடரில் ஆதாரம் இருக்கிறது. மெகுமியின் அண்ணன் யூயிச்சி சாதோவைவிட ஆழமாக ஒதுங்கியவன். சோறுபோட்ட தங்கை இல்லாது போனதும் பசி அவனைத் தெருவுக்குத் துரத்துகிறது, ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்கிறான். சாதோவும் ஊரிலிருந்து வரும் பணம் நின்றபின்தான் சாலைப்பணி நடக்குமிடத்தில் போக்குவரத்தை வழிப்படுத்தும் வேலைக்குப் போகிறான். ஆக, சோற்றை நிறுத்து, எல்லாம் சரியாகும் என்று முடிவுகட்டுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேதான் சாதோ மிசாகியை இழக்கும் தறுவாய்க்கு வருகிறான் என்பதை இவர்கள் பார்ப்பதில்லை. பசி அவனை அறையிலிருந்து வெளியேற்றியது, தனிமையிலிருந்து வெளியேற்றவில்லை. அரசு வேலையிலிருந்த ஹிதோமியை நினைத்துப் பாருங்கள். பள்ளியின் இலக்கியக் கழகத்தில் சாதோவின் காதில் முதன்முதலாகச் சதிக்கதைகளை ஓதியவள் அவள் என்பதை இலக்கியவாதிகளாகிய நாம் குறித்துக்கொள்வது நல்லது. ஊதியமும் மேசையும் உள்ள அவள்தான் சாவைத் தேடும் கூட்டத்தோடு ஒரு தீவுக்குப் போகிறாள். அங்கே மற்றவர்களுக்கெல்லாம் வாழ ஒரு காரணம் கிடைத்துவிட, விவரமறியாமல் உடன்வந்த சாதோ மட்டும் கைவிடப்பட்டவனாய் விளிம்பில் நிற்கிறான். பிறர் மீள்வதைக் காண்பதே தனியனுக்கு எத்தகைய அடியாகும் என்பதை அந்தப் பகுதி காட்டுகிறது.

எங்கள் வாதம் வெறும் வாசிப்புச் சண்டை என்று தோன்றலாம். ஜப்பானில் இதற்கு ரத்தமும் சதையும் உண்டு. ஒதுங்கியிருப்பவரை அவர் விருப்பமின்றி அறையிலிருந்து இழுத்துச் செல்லும் தனியார் நிறுவனங்கள் அங்கே தோன்றின. ‘ஹிகிதாஷியா’, இழுத்தெடுப்போர், என்று அவர்களுக்குப் பெயர். கலங்கிய பெற்றோரிடம் பெருந்தொகை பெற்று, ‘மீட்டு’, விடுதிகளில் அடைத்தார்கள். அப்படி மீட்கப்பட்டவர்களே பின்னர் வழக்குத் தொடுத்தார்கள். தனித்திருப்பவன் ஒரு பொருள், அவனை வெளியே எடுத்துவைப்பவர் நல்லவர் என்னும் கதையை நம்பும் சமூகத்தில் இத்தொழில் செழிப்பதில் வியப்பென்ன?

எண்களும் மீட்புக் கதையை ஏளனம் செய்கின்றன. ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் 2010இல் வெளியிட்ட கணிப்பின்படி 15 முதல் 39 வயதுக்குட்பட்டோரில் சுமார் 6,96,000 பேர் ஒதுங்கியிருந்தனர். இது இளைஞர் சிக்கல் என்ற எண்ணத்தை 2019இல் வெளியான கணிப்பு உடைத்தது: 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் சுமார் 6,13,000 பேர். 2023இல் வெளியான கணிப்பு 15 முதல் 64 வரையிலானோரைச் சேர்த்து ஏறத்தாழ 14,60,000 என்றது. எண்பது வயதுப் பெற்றோர் ஐம்பது வயதுப் பிள்ளைக்குச் சோறிடும் நிலைக்கு ‘8050’ என்று பெயரே வந்துவிட்டது. 2021இல் தனிமைக்கென ஓர் அமைச்சரும், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டமும் அங்கே உண்டு. 2006இல் 22 வயதாயிருந்த சாதோ இன்று நாற்பதைக் கடந்தவன். அவனுக்கு நேர்ந்ததெல்லாம் ஒரு பெண் வந்து தீர்த்துவைத்தாள் என்று முடித்துக்கொள்வது, அந்த வயதுக்காரர் அனைவரையும் கதவு தட்டப்படாததால் வீழ்ந்தவர்களாக்கி, நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவித்துக்கொள்வதாகும்.

தொடருக்குக் குறைகள் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. ஓவியத் தரம் பகுதிக்குப் பகுதி ஏறி இறங்குகிறது. நாவலிலிருந்த போதைப்பொருள் பகுதிகளை அனிமே நீக்கிவிட்டதால் சாதோவின் பிரமைகள் சில இடங்களில் வெறும் கேலியாகச் சுருங்குகின்றன. பெண்களைப் பற்றி அவ்விரு ஆண்களும் பேசுபவை பல வேளைகளில் முகஞ்சுளிக்க வைப்பவை. ஆனால் இக்கடைசிக் குறையை நாங்கள் ஓரளவு தொடரின் நேர்மையாகவே கொள்கிறோம். தனிமை மனிதனைப் புனிதனாக்கும் என்பது நம் கவிஞர்கள் நெடுங்காலமாய் வளர்த்த பொய். சாதோ தாயிடம் வேலையும் மணப்பெண்ணும் கிடைத்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். அவள் பார்க்க வந்தபோது மிசாகியை நடிக்கவைக்கிறான். தனிமை அவனைச் சிறுமைப்படுத்தியிருக்கிறது. அப்படிச் சிறுத்துப்போனவனோடும் உறவு சாத்தியமா என்பதே கேள்வி. நல்லவனாயிருந்தால் மட்டும் நேசிப்போம் என்பவர்களுக்கு இத்தொடர் பயன்படாது.

இறுதியாக எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டத்திலிருந்த நண்பர் ஒருவர் வேலையை இழந்தபின் கூடுகைகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் முறைவைத்து அவர் வீட்டுக்குப் போனோம். நூல்கள் கொடுத்தோம், நம்பிக்கையூட்டும் சொற்களைப் பொழிந்தோம், திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் நின்று அவரைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டோம். அந்தக் கவலை எங்களுக்கு இதமாயிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் வரும் நாளெல்லாம் எனக்குப் பரீட்சை நாள் மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை அவர் சொன்னார். பிறகு நாங்கள் போவதும் குறைந்தது. ஓராண்டு கழித்து எங்களில் ஒருவர் தம் மொழிபெயர்ப்பு நூலின் மெய்ப்புப் படிகளோடு, உண்மையாகவே வேறு ஆள் கிடைக்காத நெருக்கடியில், அவரிடம் போய் நின்றார். நண்பர் பதினோரு நாட்களில் 300 பக்கங்களைத் திருத்தித் தந்தார். இரு இடங்களில் மொழிபெயர்ப்பாளரைக் கடுமையாகத் திட்டிக் குறிப்பும் எழுதியிருந்தார். இன்றுவரை அவர் கூடுகைக்கு வரவில்லை. எப்போதாவது தொலைபேசியில் அழைத்து, அந்த ஆளின் அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்கிறார்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நாங்கள் முன்வைக்கவில்லை. கையில் நூல்களோடு போனபோது கிடைக்காத ஒன்று, கையேந்திப் போனபோது கிடைத்தது என்ற அளவில் மட்டும் பதிவு செய்கிறோம். ‘நல்வரவு’ தொடரைப் பாராட்டிய நண்பரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அதை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். இம்முறை சாதோவிடமிருந்து கண்ணை எடுத்து, பூங்கா இருக்கையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, இன்றும் வருவானோ மாட்டானோ என்று இருளைப் பார்த்துக் காத்திருக்கும் அந்தப் பெண்ணைப் பாருங்கள்.